மீனுக்குள் ஒரு வாள்



சொற்களின் பிறப்பை ஆராய்பவர்கள் மீன்சந்தைப் பக்கமும் ஒருமுறை போய்வருவது நல்லது. நாம் அறக்குளா என்றும், சிங்களவர் தோரா என்றும், சென்னையில் வஞ்சிரம் என்றும் கூறும் மீனுக்கு ஆங்கிலத்தில் 'சீர்' மீன் என்று பெயர். உணவுச்சாலைப் பட்டியல்களில் தமிழிலும் 'சீர் மீன்' என்றே அச்சிட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். சீரான மீன், சிறப்பான மீன் என்று ஒருவர் பொருள் கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. அறக்குளாவின் சுவை அப்படி! ஆனால், அந்தச் 'சீர்' தமிழன்று. பிறப்பால் ஆங்கிலமும் அன்று.

கறுப்பைக் குறிக்கும் 'சியா' என்ற பாரசீகச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்று சிலர் கூறினர். மீனோ வெள்ளிபோல் மின்னுவது. ஹென்றி யூல், பேர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி இதனை மறுத்து, மூலச்சொல் போர்த்துக்கேயரின் 'செர்ரா' என்று காட்டியது. செர்ரா என்றால் மரம் அரியும் வாள்.

அறக்குளாவுக்கு ஏது வாள்? வாள்போன்ற மூக்கு வேளா மீனுக்கல்லவா உண்டு? அப்பெயர் முறைப்படி வேளாவுக்கே உரியது என்றுதான் அகராதியும் சொல்கிறது. ஆனால், அறக்குளாவின் முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையே 8 முதல் 10 வரையான சின்னஞ்சிறு செட்டைகள் வரிசையாக நிற்கின்றன. கீழ்ப்புறத்திலும் அத்தகைய வரிசை உண்டு. வாளின் பற்களை ஒத்த இந்த வரிசையே பெயருக்குக் காரணமாகலாம் என்பது தொகுப்பாளர்களின் ஊகம். அமெரிக்காவின் பசுபிக் கரையில் ஸ்பானிய மொழி பேசுவோரும் இதே இனத்து மீனொன்றைச் 'சியெரா' என்கின்றனர். அதுவும் வாளே. ஆகவே, அந்த ஊகம் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்து, 1658இல் யாழ்ப்பாணத்தையும் இழந்து நீங்கினர். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். புதுப் பொருள்களோடு புதுப் பெயர்களும் வந்தன. அறக்குளா நம் கடலின் மீன். அதற்கு நம்மிடம் பெயர் இருந்தது. பெயர் தேவைப்பட்டவர் பின்னால் வந்த ஆங்கிலேயர். முன்னே வந்தவரிடம் அவர் அதை இரவல் வாங்கிக்கொண்டார்.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொற்களுக்கு உறவு கொண்டாடலாகாது என்பது இதில் ஒரு பாடம். மற்றொன்று, இரவல் வாங்கியவரிடமே நாமும் போய் இரவல் கேட்க வேண்டியதில்லை என்பது. பட்டியலில் அறக்குளா என்றே எழுதுவோம், சுவை குறைந்துவிடாது.