அப்டேட் வந்தாச்சு... உடனே போடலாமா, தள்ளிப்போடலாமா?

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது, கையிலிருக்கும் போனில் ஒரு செய்தி எட்டிப்பார்க்கிறது: 'சிஸ்டம் அப்டேட் தயார்.' பலருடைய விரலும் 'பிறகு' என்பதைத்தான் தொடும். 'டேட்டா தீர்ந்துடும்', 'போன் ஸ்லோ ஆயிடும்' என்று ஆளுக்கொரு காரணம். வெற்றிலை வியாபாரக் கணக்கு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதே போனில்தான் இருக்கின்றன.

இந்த அப்டேட்களில் பல நேரம் 'கர்னல்' திருத்தமும் சேர்ந்தே வரும். கர்னல் என்பது போனின் வாசல் காவலர். கேமரா, மெமரி, இன்டர்நெட் என எந்த ஆப் எதைத் தொடலாம் என்று அனுமதிப்பது அதுதான். ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கர்னல். காவலரே ஏமாந்துவிட்டால், அறைக்கு அறை பூட்டு போட்டும் பயனில்லை.

அப்படித்தான் நடந்தது. 2018 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னலில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால், அந்தத் திருத்தம் பல ஆண்ட்ராய்டு போன்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2019 அக்டோபரில், அந்த ஓட்டை வழியாகப் போன்கள் தாக்கப்படுவதாக கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழு எச்சரித்தது. அது வெளியிட்ட பட்டியலில் கூகுளின் பிக்சல் 2, நம்மூரில் சக்கைப்போடு போட்ட ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 எல்லாம் இருந்தன. மோசமான ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்தாலே போன் முழுவதும் திருடர் கைக்குப் போகும் ஆபத்து!

அதற்காக, அப்டேட் என்றால் பயப்படுபவர்களையும் குறை சொல்ல முடியாது. 2024 ஜூலை 19 அன்று, கர்னல் மட்டத்தில் இயங்கும் 'கிரவுட்ஸ்ட்ரைக்' பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான அப்டேட் ஒன்று வந்தது. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது?

* 'பாதுகாப்பு அப்டேட்' என்றிருந்தால் ஓரிரு நாளில் போட்டுவிடுங்கள். திருத்தம் வெளியானதுமே, ஓட்டை எங்கே என்பது திருடருக்கும் தெரிந்துவிடும்.

* ஆண்ட்ராய்டு பதிப்பே மாறும் பெரிய அப்டேட் என்றால், ஒரு வாரம் பொறுத்து, போட்டவர்களிடம் விசாரித்துவிட்டுப் போடலாம்.

* முதலில் போட்டோ, போன் நம்பர்களை பேக்கப் எடுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். பஸ் ஏறும் அவசரத்தில் வேண்டாம். ராத்திரி படுக்கப்போகும் முன் போடுங்கள்.

* செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் போனால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் தேதி தெரியும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லையா? அந்த போனைப் பேசவும் பாட்டு கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் ஆப்களை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள்.