சிறு மோட்டாரும் சர்க்கார் அளவுகோலும்

மோட்டார் வாங்கப் புகுவோர் எஞ்ஜினையும் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் நம் தேசத்தில் அவ்விரண்டையும் பெரிதும் நிர்ணயிப்பது வரிச் சட்டமேயாம். நீளம் 4 மீட்டருக்கும், எஞ்ஜின் பெட்ரோலாயின் 1200, டீசலாயின் 1500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத வண்டிகளுக்கு 2006-ம் வருஷத்து பட்ஜெட் தீர்வையைக் குறைத்தது.

விளைவு யாது? 2008-ல் வெளிவந்த மாருதி டிசையர் 4160 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அதன் பெட்ரோல் எஞ்ஜின் 1298 கன சென்டிமீட்டர். 2010-ல் எஞ்ஜின் 1197 ஆயிற்று. சக்தியோ அதிகம் குன்றவில்லை. 2012-ல் நீளம் 3995 ஆயிற்று. சாமான் அறையோ 440 லிட்டரிலிருந்து 316-க்கு இறங்கிற்று. எஞ்ஜினின் குறையை நிபுணரின் திறமை ஈடு செய்தது. வெட்டுண்ட இடத்தை எத்திறமையும் மீட்டுத் தரவில்லை.

2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் திருத்தப்பட்டபோதும் இவ்வளவுகள் மாறவில்லை. அவற்றுக்கு உட்பட்ட வண்டிக்கு நூற்றுக்கு 18, மிஞ்சியதற்கு 40! விபத்தில் உயிர் காக்கும் உறுதியையும், எண்ணெய்ச் சிக்கனத்தையும் அளவாகக் கொண்டு சலுகை அளிப்பதன்றோ நியாயம்? சர்க்கார் அளவுகோல் திருந்தும் வரையில், விலைச் சீட்டை மட்டும் நம்பாது, குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் ஏறி அமர்ந்து பார்த்தே வாங்குபவர் தீர்மானிப்பாராக.