தொட்டி பாதி, மண் மீதி

காரைக்காலில் கடைக்கால் எடுக்கிற கொத்தனாரைக் கேட்டால் சொல்வார்: ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தோண்டுவதற்குள் குழியில் ஊற்று கண்டுவிடும். அரசலாறு கடலில் சேருகிற தட்டையான நிலம் இது. 2011 கணக்குப்படி நகராட்சிக்குள் மட்டும் 86,000 பேருக்கு மேல். கழிவுநீரைப் பற்றி இங்கே என்ன யோசித்தாலும் அந்த ஊற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கரையோர வீடுகள் பெரிதும் நம்பியிருப்பது செப்டிக் டேங்கை. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1860-களில், பிரான்சின் வெசூல் ஊரில் ழான் லூயி முரா என்பவர் காற்றுப் புகாத தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டு கழித்துத் திறந்தபோது திடக்கழிவு ஏறக்குறைய எல்லாமே கரைந்து போயிருந்தது. 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

தொட்டிக்குள் கனமானது அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் ஆடையாக மேலே மிதக்கும். பிராணவாயு இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று மீத்தேனை வெளிவிடும். குளிர்நாட்டைவிட நம் வெப்பத்தில் அவை வேகமாகவே வேலை செய்கின்றன. ஆனால் நடுவிலிருந்து வழிந்து வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகளும் அம்மோனியாவும் அப்படியே இருக்கும். மிச்ச வேலையைச் செய்வது மண். மணல் இடுக்குகளில் காற்று இருந்தால் அங்குள்ள உயிர்கள் கிருமிகளை வடிகட்டி அழிக்கும். இதற்காக, அந்த நீர் இறங்கும் உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டராவது உலர்ந்த மண் வேண்டும் என்பார்கள்.

காரைக்காலின் மழைக்காலத்தில் அந்த 2 மீட்டருக்கு எங்கே போவது? அடித்தளம் போடாமல் சிமென்ட் உறைகளை மட்டும் இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படி இறக்கினால் பக்கத்துக் கைப்பம்புக்கே கழிவை அனுப்புகிறோம்.

பாதாளச் சாக்கடை போட்டால் தீராதா? குழாய்க்குச் சரிவு வேண்டும். தட்டை நிலத்தில் அது போகப்போக ஆழமாகி நிலத்தடி நீருக்குள்ளேயே இறங்கிவிடும். இணைப்புகளில் ஊற்றுநீர் கசிந்து நுழையும், வழி நெடுக மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். அதனால் மண் செய்ய வேண்டிய பாதியைத் தரைக்கு மேலே தூக்கி வைப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். அடிப்பக்கம் கசியாத இன்னொரு தொட்டியில் சரளைக்கல் நிரப்பி, கல்வாழையும் நாணலும் நட்டு, கற்களுக்குள்ளாகவே கழிவுநீரை மெல்ல நகர விடுவார்கள். மேலே நீர் தேங்காததால் கொசு வராது. கல்லிலும் வேரிலும் படர்ந்த நுண்ணுயிர்ப் படலம் அழுக்கைத் தின்னும். புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் பல குடியிருப்புகள் இப்படிச் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றன.

இதோடு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செப்டிக் டேங்கின் கசடையும் எடுத்தாக வேண்டும். லாரி அதை வாய்க்காலில் கொட்டிவிட்டால் இத்தனையும் வீண். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே கசடை மணல் படுகையில் பரப்பிக் காயவைத்து, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் கடற்கரையில் அந்தப் படுகைக்குக் கூரை அவசியம்.

கசடு எடுக்கும்போது ஆளை மட்டும் உள்ளே இறக்கவே கூடாது. தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிஞ்சினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் குறைந்துவிட்டதென்று நம்பி இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுவார், காப்பாற்றக் குதிப்பவரும் கூடவே விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியின் குழாய் எட்டும் இடத்தில் மூடி வைத்துக் கட்டினால் யாரும் இறங்க வேண்டிய தேவையே வராது.