சோலார் கேபிள்: மிச்சம் நீளத்தில், ஆபத்து முனையில்

மொட்டை மாடிப் பேனலிலிருந்து கீழ் அறையில் இருக்கும் பேட்டரி வரை ஒயர் எட்டவில்லை. இரண்டு முனையிலும் கனெக்டர் பொருத்திய ரெடிமேட் கேபிளின் விலையைக் கேட்டதும், அதே கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, கனெக்டரைத் தாங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று பலரும் முடிவு செய்கிறார்கள். கணக்கு சரிதான், பணம் மிஞ்சும். ஆனால் மிஞ்சுவது கேபிளின் நீளத்தில். தீப்பிடிப்பது அதன் முனையில்.

இன்று வீடுகளில் பரவலாக மாட்டப்படும் 540 வாட் பேனல், நல்ல வெயிலில் ஏறக்குறைய 13 ஆம்பியர் தருகிறது. முறையாகப் பொருத்திய எம்சி4 வகை சோலார் கனெக்டரின் மின்தடை, ஒரு ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதில் சூடு தெரியவே தெரியாது. அதற்கென உள்ள கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையில் தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். விரல் நுனி அளவு இடத்தில் 17 வாட் சூடு, வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமெல்லாம், வருடக்கணக்கில். ஈயப் பற்றுவைக்கும் சிறிய சூட்டுக்கோலே 25 வாட்தான்!

வீட்டு மின்சாரத்தில் லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் பொறி பறக்கும், பல நேரம் தானே அணைந்தும் விடும். ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதுதான் காரணம். சோலார் பேனலிலிருந்து வருவது டிசி. அதற்கு அந்த இடைவெளி கிடையாது. ஒருமுறை பிடித்த பொறி, வெயில் இருக்கும்வரை நின்று எரியக்கூடும். பேனலை நிறுத்த சுவிட்சும் இல்லை. கீழே இன்வெர்ட்டரை அணைத்தாலும் மேலே கேபிளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் டெஸ்லா மீது வழக்குத் தொடுத்தது. ஏழு கடைகளின் கூரையில் சோலார் அமைப்புகளால் தீப்பிடித்தது என்றும், ஒயரிங்கும் இணைப்புகளும் அலட்சியமாகச் செய்யப்பட்டிருந்தன என்றும் புகார். சில மாதங்களில் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. தொழிலாகவே செய்பவர்களின் வேலைமீதே இப்படியொரு வழக்கு வந்தது என்றால், மாடியில் பிளேயரோடு உட்காருபவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இன்னொரு கண்ணி, கனெக்டரின் பிராண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ‘டக்’கென்று மாட்டவும் செய்யும். உள்ளே உலோகமும் அளவும் சற்றே மாறுபட்டால் நாளடைவில் பிடி தளர்ந்து சூடேறும். ஆகவே பேனலில் இருக்கும் அதே நிறுவனத்தின், அதே மாடல் கனெக்டரையே எதிர்முனைக்கும் வாங்க வேண்டும். பிளஸ், மைனஸை ஒயரின் நிறத்தை நம்பி முடிவு செய்யாமல் மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது.

கேபிளின் தரத்தில் கைவைத்து மிச்சம் பிடிப்பது கூடவே கூடாது. சாதாரண வீட்டு ஒயரின் பிவிசி உறை நம் ஊர் மாடி வெயிலில் வெடித்துப் பிளக்கும். ஐஎஸ் 17293 தரக் குறியீடு அச்சிட்ட சோலார் டிசி கேபிளே வேண்டும். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளீய முலாம் பூசிய தாமிரத்தில் உள்ளே சிவப்பு தெரியும். கடைசிவரை வெள்ளையாகவே இருந்தால் அது அலுமினியம். தடிமனும் முக்கியம். 100 வாட், 12 வோல்ட் பேனலுக்கு 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் சுமார் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. என்றால் இழப்பு ஒரு வோல்ட் அளவுதான்.

இத்தகைய ஒற்றைப் பேனல் அமைப்பில், சரியான கருவியும் பொருளும் இருந்தால் தாமே செய்துகொள்வதில் தப்பில்லை. ஆறு பேனலைத் தொடராக இணைத்த கூரை அமைப்பு வேறு விஷயம். அதில் இருப்பது 300 வோல்ட் அளவு; தொட்டால் உயிர் போகும். நுகர்வோர் வளாகத்தில் மின் அமைப்பை மாற்றுவது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே நடக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன.

நுகர்வோர் உரிமையும் இங்கேதான் நழுவுகிறது. ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் பெற்று அமைத்தவர்களுக்கு, ஐந்து ஆண்டுப் பராமரிப்பு அமைத்துக்கொடுத்தவரின் பொறுப்பு. வீட்டுக்காரர் நடுவே ஒரு கேபிளைச் சொருகிவிட்டால், பழுதுக்குக் காரணமே அதுதான் என்று அமைத்துக்கொடுத்தவர் கைகழுவ வழி கிடைத்துவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 87ஆம் பிரிவும், மாற்றியமைக்கப்பட்ட பொருளால் விளைந்த தீங்குக்கு விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்கிறது. பேனலோடு வந்த கனெக்டரை வெட்டி எறிவது வாரண்டியையும் தொலைக்கும். அதை வெட்டாமலே கேபிளை நீட்டிக்க முடியும்.

கேபிளோ கனெக்டரோ போலி என்று தெரிந்தால் நிலைமை தலைகீழ். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர். பில்லையும், கேபிள்மேல் அச்சிட்ட எழுத்தின் படத்தையும், கருகிய துண்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.