டாங்கோ: இருவர் இணைந்து நடக்கும் நடனம்

பார்க்கின்சன் நோயுற்றோருக்கான பயிற்சிகளுள் டாங்கோ நடனமும் இடம்பெறுவதை அறிந்து பலர் வியப்படைகின்றனர். திரைப்படங்களில் காணும் வேகமான சுழற்சிகளே டாங்கோ என்னும் எண்ணம் அதற்குக் காரணம். அவை மேடைக்கென அமைந்தவை. மக்கள் கூடி ஆடும் டாங்கோவின் அடிப்படை நடையேயாகும். ஒருவரையொருவர் தழுவி, இசைக்கேற்ப ஓரடி ஓரடியாக நடப்பதிலிருந்தே மற்ற அசைவுகள் யாவும் பிறக்கின்றன.

இந்நடனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென் அமெரிக்காவின் லா பிளாட்டா கழிமுகத்தை அடுத்த புவெனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில் தோன்றியது. அக்காலத்தில் இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பெருந்திரளானோர் பிழைப்புத் தேடி அங்கு வந்திறங்கினர். நெரிசலான குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் பேணிய கண்டோம்பே தாளம், கியூபாவின் ஆபனேரா இசை, நாட்டுப்புற மிலோங்கா, ஐரோப்பிய இணை நடனங்கள் ஆகியவை ஒன்றுகலந்து டாங்கோ உருவாயிற்று. ஜெர்மனியில் பிறந்த பாண்டோனியோன் என்னும் துருத்தி இசைக்கருவி அதன் குரலாக அமைந்தது.

எளியோரின் ஆட்டமென்று தொடக்கத்தில் மேல்தட்டினர் இதனை இகழ்ந்தனர். 1913ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரம் இதனைக் கொண்டாடிய பின்னர், சொந்த மண்ணிலும் மதிப்பு உயர்ந்தது. பாடகர் கார்லோஸ் கார்டெல் டாங்கோ பாடல்களை உலகறியச் செய்தார். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

டாங்கோ ஆடும் கூடங்களுக்கும் மிலோங்கா என்றே பெயர். ஆட அழைப்பவர் தொலைவிலிருந்து பார்வையாலும் தலையசைப்பாலும் கேட்பார். விருப்பமில்லாதவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். எவர்க்கும் அவமதிப்பு நேராது. மூன்று அல்லது நான்கு பாடல்கள் முடியும்வரை இணை மாறாது. அனைவரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவர். வழிநடத்துபவர் துணைவரை இழுப்பதில்லை. தம் உடலின் அசைவால் குறிப்புணர்த்தி, துணைவரின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும்வரை காத்திருப்பார். அசைவற்று நிற்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது இவ்வியல்பேயாகும். பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைவதால், எண்ணாமலே நிகழ்ந்துவந்த நடை தடுமாறுகிறது. அடிகள் குறுகுகின்றன, திரும்பும்போதும் வாயிற்படியிலும் கால்கள் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுகின்றன. நடக்கத் தொடங்குதல், நிற்றல், பின்னோக்கி அடிவைத்தல், திரும்புதல் ஆகிய கடினமான செயல்களையே டாங்கோ திரும்பத் திரும்பப் பழக்குகிறது. தாளம் புறத்திலிருந்து கால்களுக்குக் குறிப்புத் தருகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், டாங்கோ பயின்றோரின் உடற்சமநிலை மேம்பட்டது. புவெனஸ் அயர்ஸின் ராமோஸ் மெஹியா மருத்துவமனையில் நோயாளிகளுக்கு டாங்கோ வகுப்புகள் நடத்தப்பட்டுள்ளன.

நடனம் இந்நோயைக் குணப்படுத்தாது; மருந்துகளுக்கு மாற்றாகவும் ஆகாது. எழுந்தவுடன் தலைசுற்றல் உள்ளோரும், முன்னர்க் கீழே விழுந்தோரும், நரம்பியல் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கலந்தே எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

ஆயினும், டாங்கோ கற்பிக்கும் ஒரு பாடத்தை ஆடாமலே வீட்டில் கடைப்பிடிக்கலாம். நோயாளியின் கால்கள் உறைந்து நிற்கும்போது கையைப் பற்றி இழுக்காதீர்கள். இழுத்தால் அவர் விழக்கூடும். அருகில் நின்று அவரை நிலைப்படுத்துங்கள். எடையை இடமும் வலமுமாக மெல்ல மாற்றச் சொல்லுங்கள். பின்னர் "ஒன்று, இரண்டு" என எண்ணி, முதலடியை அவரையே எடுத்துவைக்க விடுங்கள்.