தோழியர் துணையிருக்க நோன்பு எளிது

மார்கழி விடியலில் ஆழ்வார்பேட்டையிலும் மயிலை மாட வீதிகளிலும் திருப்பாவை ஒலிக்கிறது. ஆண்டாள் நாச்சியார் அருளிய 30 பாசுரங்களில், 6 முதல் 15 வரையிலான பத்தும் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கென்றே அமைந்தவை. எழாதவளை விட்டுவிட்டுப் போக அந்தப் பெண்களுக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்று அழைக்கிறார்கள், உரிமையோடு கடிந்துகொள்கிறார்கள், அவள் வந்த பிறகே அடுத்த வீட்டுக்குச் செல்கிறார்கள். பாவை நோன்பு தனி ஒருத்தியின் நோன்பன்று. இளம்பெண்கள் கூடி நோற்ற நோன்பு.

இன்று பல இல்லங்களைக் கவலைகொள்ள வைத்திருக்கும் ஒரு சிக்கலுக்கு இந்த நோன்பு வழிகாட்டுகிறது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடற்பருமனே அது.

சென்னை சொல்லும் கணக்கு

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர்கள், மாநகரின் 51 பள்ளிகளில் 18,955 மாணவ மாணவியரை ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். அனைத்துலக அளவுகோலின்படி, தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். அரசுப் பள்ளிகளில் இது 3.6 விழுக்காடே. வசதி மிகுந்த இல்லங்களில்தான் சிக்கலும் மிகுதி என்பதை இது உணர்த்துகிறது. பள்ளிக்கு வாகனம், மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு, இரவில் கைப்பேசி, அழைத்தால் வாசலுக்கே வரும் பலகாரம் என்றாகிவிட்ட வாழ்வில் பிள்ளைகள் ஓடியாட நேரமும் இல்லை, இடமும் இல்லை.

விட வேண்டியவை இரண்டு

பெற்றோர் கண்டித்தால் திருந்திவிடுவார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், பதின்பருவத்தில் தாய் தந்தையரின் சொல்லைவிட நண்பர்களின் சொல்லே ஆழமாகப் பதிகிறது. வகுப்பில் "குண்டு" என்ற பட்டப்பெயர் சூட்டப்பட்ட பிள்ளை விளையாட்டுத் திடலைத் தவிர்க்கிறது. உறவினர் கூடும் விழாக்களைத் தவிர்க்கிறது. தனிமையில் ஒளிந்து உண்ணவும் தொடங்குகிறது. கேலியால் எடை குறைவதில்லை. பல வேளைகளில் கூடவே செய்கிறது.

திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் இங்கே நினைக்கத்தக்கது. நெய்யையும் பாலையும் விலக்கும் அந்தப் பெண்கள், பிறரைப் புண்படுத்தும் கோள்சொல்லையும் அதே பாசுரத்தில் விலக்குகிறார்கள். நாவின் சுவையை அடக்குவதும் நாவின் கடுமையை அடக்குவதும் ஒரே நோன்பின் இரு பகுதிகள். பிள்ளை இனிப்பைக் குறைக்க வேண்டுமென்றால், சுற்றியிருப்போர் ஏளனத்தை அறவே விடவேண்டும்.

கூட்டத்தின் வலிமை

துணையின் ஆற்றலுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. திருமங்கலம் ஏஷியாட் காலனியில் நீரிழிவு குறித்த விழிப்புணர்வு பெற்ற மக்கள், தாங்களே நிதி திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கு 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்ததை 2006இல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது. அண்டை வீட்டார் நடக்கக் கண்டால் நம் கால்களும் நடக்கின்றன. பெரியவர்களுக்கே அப்படியென்றால் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமா?

மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டமும் இதே அடிப்படையில், வளரிளம் பருவத்தினரிலிருந்தே நண்பர்–வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கிறது. அவர்களுக்குச் 'சாத்தியா' என்று பெயர். தோழமை என்பதே அதன் பொருள்.

இல்லத்தில் தொடங்கலாம்

நாள்தோறும் 60 நிமிடங்கள் உடல் உழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. தனியே நடப்பது சலிப்பு. நால்வராக நடந்தால் பேச்சிலேயே நேரம் கழியும். நாகேசுவர ராவ் பூங்காவில் மாலை விளையாட்டு, கபாலீசுவரரைத் தரிசித்தபின் நான்கு மாட வீதிகளையும் வலம் வருதல், வகுப்புக்கு நண்பர்களோடு மிதிவண்டிப் பயணம் என எதுவாயினும் ஆகலாம். பொட்டலத் தின்பண்டத்துக்கு மாற்றாகச் சுண்டல், குளிர்பானத்துக்கு மாற்றாக நீர்மோர் என்று நண்பர் கூட்டமே முடிவெடுத்தால் யாருக்கும் அது தண்டனையாகத் தோன்றாது. பிரசாதத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. உள்ளங்கையளவு பெற்று, பகிர்ந்து உண்பதே அதன் மரபு.

மெலிந்த பிள்ளைகளும் இக்கூட்டத்தில் சேரட்டும். இலக்கு நலமே, எண் அன்று. யார் எத்தனை கிலோ குறைத்தார் என்ற போட்டி வேண்டாம்.

எச்சரிக்கை

வளரும் உடலுக்குப் பட்டினி ஆகாது. தோழி ஒருத்தி உணவைத் தொடர்ந்து தவிர்த்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, அதை மறைப்பது நட்பாகாது. பெரியவர்களிடம் சொல்வதே நட்பு. தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணங்களாலும் எடை கூடலாம். எடை மிகையா என்பதை வயதையும் பாலினத்தையும் கொண்டே கணிக்க வேண்டும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒன்பதாம் பாசுரத்தில் தோழியர், உறங்குபவளின் தாயை மாமி என உறவு கூறி அழைத்து, மகளை எழுப்பும்படி வேண்டுகிறார்கள். பெற்றோரின் இடம் அதுவே: வாசலுக்கு வந்த தோழியரை வரவேற்று, மகளை அவர்களோடு அனுப்பிவைப்பது. அப்படிச் சேர்ந்து நோற்றவர்கள், 27ஆம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோற்றைச் சேர்ந்தே உண்கிறார்கள். மார்கழி 27ஆம் நாளை அதனால்தான் கூடாரவல்லி என்று கொண்டாடுகிறோம். விலக்கியதும் ஒன்றாக, மகிழ்ந்து உண்டதும் ஒன்றாக. அந்த நோன்பில் எவளும் தனித்து விடப்படவில்லை. நம் இல்லத்துப் பிள்ளைகளும் தனித்து விடப்படாதிருக்க ஆண்டாள் அருள் துணைநிற்கட்டும்.