மின்புலம் தள்ளும் நீர்

நீரை நகர்த்தச் சுழலியோ உந்துதண்டோ வேண்டும் என்பதே நம் பொது அனுபவம். அவையின்றி மின்சாரமே நீரை நகர்த்தும் என்பதை, மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூஸ் 1809இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். படிகத்தூள் அடைத்த வளைகுழாயில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, எதிர்மின்முனைப் பக்கம் நீர்மட்டம் உயர்ந்தது.

காரணம் சுவரில் உள்ளது. நீரைத் தொடும் கண்ணாடிப் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. நீரிலுள்ள நேர் அயனிகள் அதனையொட்டி மெல்லிய அடுக்காகத் திரள்கின்றன. மின்புலம் அவ்வடுக்கை இழுக்க, பாகுத்தன்மையால் நடுநீரும் உடன் செல்கிறது. இதற்கான கோட்பாட்டை 1879இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்தார்.

இதன் சிறப்பு நுண்குழாய்களில் விளங்கும். குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தம் தரும் வேகம் கால்பங்காகிவிடும். மின்புலம் தரும் வேகமோ, குழாய் அவ்வடுக்கைவிட மிக அகன்றிருக்கும்வரை குறைவதில்லை. ஆகவே, மயிரிழையன்ன கால்வாய்கள் கொண்ட ஆய்வுச் சில்லுகளில் வால்வுகளின்றியே துளி நீர்மத்தைச் செலுத்தலாம். மின்முனைகளை மாற்றினால் திசை மாறும். மின்சாரத்தை நிறுத்தினால் ஓட்டம் நிற்கும்.

குறையும் உண்டு. உப்பு மிகுந்தால் நீர்மம் சூடேறும். மின்முனைகளில் குமிழிகள் எழும். புரதம் சுவரில் படிந்தால் வேகம் பிறழும். குருதியிலோ உப்பும் புரதமும் ஒருங்கே உள்ளன. எனவே, இம்முறையை மருத்துவச் சோதனைக்குக் கொணர்வோர் மின்சாரத்தை அளப்பதோடு சுவரின் தூய்மையையும் காத்தாக வேண்டும்.